வாசகர் கேள்வி – பதில்: சோற்றுப் பார்சலும் ஒரு சோடிச் செருப்பும்

கேள்வி: நாங்கள் கல்லடியைச் சேர்ந்த இளைஞர்கள் பன்னிரண்டு பேர். வெளிநாட்டில் இருக்கும் உறவினர் அனுப்பும் பணத்தில் ஒவ்வொரு ஞாயிறும் நாற்பது சோற்றுப் பார்சல் கட்டி, மட்டக்களப்பு பஸ் நிலையத்திலும் புகையிரத நிலையத்துக்கு முன்பாகவும் இரவு தங்குவோருக்குக் கொடுத்துவருகிறோம். நண்பகலில் சமைத்து மாலை ஏழு மணியளவில் கொண்டுபோகிறோம். சென்ற வாரம் ஒரு முதியவர் பார்சலை வாங்க மறுத்துவிட்டார். மறுநாள் காலையில் நாலைந்து பார்சல்கள் பிரிக்கப்படாமலே குப்பையில் கிடந்தன. எங்கே தவறுகிறோம்?

பதில்: மனம் சோர வேண்டாம், ஆனால் அந்த முதியவர் மீது கோபமும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை என்பது ஏறக்குறைய எல்லாருக்கும் தர்மம் நினைவுக்கு வரும் நாள். ஆடி அமாவாசையன்று நம்மூர் மாமாங்கக் கோயிலில் தீர்த்தமாடி அன்னதானச் சோறு உண்டவருக்கு அதற்கடுத்த நாட்களில் ஒரு பிளேன்டீ கிடைப்பதே அரிதாவதுபோல, ஞாயிறன்று மூன்று பார்சல் வாங்கியவர் செவ்வாயன்று வெறும் வயிற்றோடு படுக்கிறார். ஆகவே முதலில் நாளை மாற்றுங்கள். மாற்றிய பின் அந்த நாளையும் நேரத்தையும் தவறவிடாதீர்கள், ஏனெனில் நீங்கள் வருவீர்கள் என்று நம்பி ஒருவர் அன்று வேறெங்கும் போகாமல் காத்திருக்கக்கூடும்.

அடுத்தது நேரம். நண்பகலில் கட்டிய சோற்றை இரவு ஏழு மணிக்குக் கொடுப்பது, வெளிப்படையாகச் சொன்னால், ஆபத்தானது. சோற்றில் இருக்கக்கூடிய பசிலஸ் சீரியஸ் என்னும் பற்றீரியாவின் வித்திகள் கொதிநீரிலும் அழிவதில்லை. சோறு இளஞ்சூட்டில் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி உண்டாக்கும் நச்சு, பிறகு சூடாக்கினாலும் போகாது. சமைத்த உணவு 60 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், அல்லது இரண்டு மணித்தியாலத்துக்குள் உண்ணப்பட வேண்டும். நம்மூர்ப் புழுக்கத்தில், ஆவி பறக்கக் கட்டிய பார்சல் உள்ளே வியர்த்து, தேங்காய்ச் சம்பலும் பால் விட்ட கறியும் முதலில் புளித்துவிடும். குப்பையில் எறிந்தவர் பிரித்துப் பார்க்கத் தேவையில்லை, மணமே சொல்லியிருக்கும். சமையலை மாலை ஐந்து மணிக்குத் தொடங்குங்கள். சம்பலை விட்டு, பருப்பும் அவித்த முட்டையும் வையுங்கள். மாட்டிறைச்சி உண்ணாதவரும், ஹலால் பார்ப்பவரும் அதைக் கேள்வியின்றி உண்பர். மரக்கறி மட்டுமே உண்பவர் முட்டையை எடுத்து வைத்துவிடலாம்.

இனி அந்த முதியவர். சில ஆண்டுகளுக்கு முன் இதே நகரில் ஒருவர் நான் நீட்டிய பார்சலைத் தள்ளிவிட்டு, "சோறு வேணாம் மனே, செருப்பு இருந்தாத் தா" என்றார். குனிந்து பார்த்தேன். வலது பாதத்தைப் பொலித்தீன் பையால் சுற்றிச் சணல் கயிற்றால் கட்டியிருந்தார். உள்ளே ஆறாத புண். நீரிழிவுக்காரருக்கு வெறுங்கால் நடை கால் விரலையே பறித்துவிடும். அன்று அவருக்கு வேண்டியிருந்தது ஒரு சோடிச் செருப்பும், வைத்தியசாலைக்குக் கூட்டிப்போக ஓர் ஆளும். ஒரு கொப்பியில் யாருக்கு என்ன தேவை என்று கேட்டு எழுதிவாருங்கள். கார்த்திகை மழை பிடிக்குமுன் படங்கு, சாரம், துவாய், சவர்க்காரம், நுளம்புத்திரி ஆகியவை சேர வேண்டும். பெண்களுக்கான அணையாடைகளைக் கடதாசிப் பையில் இட்டு, உங்கள் குழுவிலுள்ள ஒரு தங்கையே தனியாகக் கொடுக்கட்டும்.

கேள்வி: பணம் அனுப்புவோர் கொடுக்கும்போது எடுத்த புகைப்படம் கேட்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: அடுப்பில் கொதிக்கும் கிடாரத்தையும், கடைப் பற்றுச்சீட்டையும் படம்பிடித்து அனுப்புங்கள். பார்சல் வாங்குவோரின் முகங்களை எடுக்க வேண்டாம். அவற்றில் ஒன்று, ஊரில் பிள்ளைகள் அறியாமல் வீட்டைவிட்டு வந்த ஒரு தந்தையினுடையதாக இருக்கலாம். அதை முகநூலில் அவருடைய பேரன் காண்பதை பணம் அனுப்பும் உங்கள் உறவினரும் விரும்பமாட்டார் என்றே நினைக்கிறேன். அதற்கும் அவர் இணங்காவிட்டால், ஐந்து பார்சல் குறையட்டும்.

கேள்வி: உணவுக்கு அப்பால் எங்களால் ஏதாவது செய்ய இயலுமா?

பதில்: இயலும், ஆனால் பொறுமை வேண்டும். வீதியில் இருப்போரில் பலரிடம் தேசிய அடையாள அட்டை இல்லை. அது இல்லாமல் வங்கிக் கணக்கும் இல்லை, அஸ்வெசும என்னும் அரச நலன்புரி உதவியும் இல்லை. தொலைந்திருந்தால் முதலில் பொலிஸ் முறைப்பாடு, பிறகு கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல், அதன் பின்னர் பிரதேச செயலகம் என்று ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். பிறப்புச் சான்றிதழும் இல்லையென்றால் அவர் பிறந்த பிரிவின் செயலகத்துக்கு ஒரு பஸ் பயணமும் சேரலாம். தனியாகப் போனால் முதற் படியிலேயே திரும்பிவிடுவார்; அலைந்து திரிவோரைப் பொலிஸார் பிடிக்க இடந்தந்த 1841ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் வீட்டுப் பேச்சில் மறந்துபோயிருக்கலாம், வீதியில் படுப்பவர் காக்கிச் சட்டையைக் கண்டு எழுந்து நடப்பது மட்டும் மறக்கவில்லை. ஆகவே உங்களில் இருவர், மாதத்தில் ஒரு வார நாளில் விடுப்பு எடுத்து, ஒரே ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள். கிராம உத்தியோகத்தர் அலுவலகத்தில் இருக்கும் நாளை முன்னரே கேட்டறிந்துகொள்ளுங்கள். அழைத்துப்போகிறவருக்கு ஒரு துவைத்த சட்டையும் கொண்டுபோங்கள்.