பழைய மவுண்டன் பைக் வாங்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பல ஆண்டுகளாக ஓட்டாமல் கிடந்த மவுண்டன் பைக் ஒன்றைத் தெரிந்தவர் மிகக் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். பார்வைக்கு நன்றாகவே இருக்கிறது. அதன் உண்மையான மதிப்பை எதை வைத்துக் கணிப்பது?

பதில்: விற்பவர் சொல்லும் விலையோடு, அந்தச் சைக்கிளை ஓட்டும் நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவையும் கூட்டிப் பார்த்தால்தான் அது மலிவா இல்லையா என்பது தெரியும். ஓட்டாமல் கிடந்த சைக்கிளில் டயர், டியூப், பிரேக் கட்டை, கேபிள் ஆகியவற்றை எப்படியும் மாற்ற வேண்டியிருக்கும். அவற்றைக் காட்டி விலையைக் குறைத்துக் கேட்கலாமே தவிர, அவற்றுக்காகச் சைக்கிளையே வேண்டாமென்று சொல்ல வேண்டியதில்லை. ஃபிரேம் கெட்டிருந்தால் மட்டும் பேரத்துக்கே இடமில்லை.

எனவே முதலில் ஹேண்டில்பாருக்குக் கீழே, மேல் குழாயும் கீழ்க் குழாயும் முன்குழாயோடு சேரும் இடங்களின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். எதன் மீதாவது நேராக மோதிய சைக்கிளில் அந்த இடம் லேசாகப் புடைத்திருக்கும், அல்லது பெயிண்ட் குறுக்குவாட்டில் சுருங்கி வெடித்திருக்கும். கண்ணுக்குத் தப்பினாலும் விரலுக்குத் தப்பாது. அப்படி இருந்தால், சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

அடுத்ததாக, சீட் பில்லரை, அதாவது சீட்டைத் தாங்கி ஃபிரேமுக்குள் இறங்கும் குழாயை, பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்தி, விற்பவர் முன்னிலையிலேயே அதை ஏற்றி இறக்கிப் பாருங்கள். இரும்பு ஃபிரேமுக்குள் அலுமினியப் பில்லர் ஈரம்பட்டுப் பல ஆண்டுகள் அசையாமல் இருந்தால், இரு உலோகங்களுக்கும் இடையே மின்வேதி அரிப்பு ஏற்பட்டு, அலுமினியத்தின் மேல் வெள்ளைப் பொருக்கு உண்டாகி, இரண்டும் ஒன்றாக இறுகிவிடும். இதைப் பார்க்காமல் நான் ஒருமுறை வாங்கிவிட்டேன். எண்ணெய் விட்டுக் காத்திருந்தும், பில்லரை வைஸில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஃபிரேமையே திருகிப் பார்த்தும் பலனில்லாமல், கடைசியில் பில்லரின் தலையை வெட்டிவிட்டு, ஹேக்சா பிளேடை உள்ளே விட்டு நீளவாக்கில் அறுத்துத்தான் எடுத்தேன். அதற்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. ஃபிரேமின் உட்சுவரில் பிளேடு பட்ட கோடு இன்னும் இருக்கிறது.

பில்லர் வெளியே வந்தால், அதில் பொறித்திருக்கும் விட்டத்தையும் படித்துவிடுங்கள். இரும்பு ஃபிரேமில் பில்லர் நுழையும் குழாயின் வெளிவிட்டம் பெரும்பாலும் 28.6 மில்லிமீட்டர். பில்லர் 27.2 என்றால் குழாய்ச் சுவரின் கனம் ஏறக்குறைய 0.7 மில்லிமீட்டர்தான், அவ்வளவு மெல்லிதாக இழுக்க வேண்டுமானால் அது குரோமோலி போன்ற நல்ல எஃகாக இருக்க வேண்டும். 25.4 என்றால் சுவர் 1.6 மில்லிமீட்டர் கனம், அதாவது சாதாரண எஃகில் செய்த கனத்த ஃபிரேம். ஃபிரேமில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைவிட இந்த எண்ணையே நான் அதிகம் நம்புவேன். குரோமோலி என்று எழுதியிருந்தாலும் அது மேல் குழாய், கீழ்க் குழாய், பில்லர் நுழையும் குழாய் ஆகிய முக்கியமான மூன்று குழாய்களுக்கு மட்டும் பொருந்துவதாக இருக்கலாம்.

செயினைச் சோதிக்க ஓர் அடி ஸ்கேல் போதும். புதிய செயினில் ஒரு பின்னின் நடுவிலிருந்து, அதை விட்டு எண்ணி வரும் இருபத்து நான்காவது பின்னின் நடுவரை சரியாக 12 அங்குலம் இருக்கும். அரை நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) கூடியிருந்தால் செயினை மாற்ற வேண்டும். ஒரு நூலே கூடியிருந்தால் பல்சக்கரங்களும் தேய்ந்திருக்கும் என்பதால் செலவு பல மடங்காகும். ரிம்மில் பிரேக் கட்டை உரசும் பக்கத்தில் அதே ஸ்கேலின் விளிம்பை வைத்து, நடுவில் குழி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். சக்கரத்தில் சிறிது கோட்டம் இருந்தால் எடுத்துவிடலாம், ஆனால் தேய்ந்து குழிந்த ரிம்முக்கு வைத்தியம் கிடையாது.

கேள்வி: ஒரே விலையில் இரண்டு சைக்கிள்கள் கிடைக்கின்றன. ஒன்றில் முன்னும் பின்னும் ஷாக் அப்சார்பர் உண்டு. மற்றொன்று எதுவுமில்லாத பழைய இரும்புச் சைக்கிள். எதை வாங்குவது?

பதில்: இரும்புச் சைக்கிளை வாங்குங்கள். 1990களின் ஷாக் ஃபோர்க்குகள் பலவற்றில் சுருள்வில்லுக்குப் பதிலாக ரப்பர் போன்ற பாலியூரித்தேன் கட்டைகளே இருந்தன. வயதானால் அவை இறுகிவிடும் அல்லது பிசுபிசுத்து உதிரும். மாற்றுக் கட்டைகளும் எளிதில் கிடைப்பதில்லை. மலிவான சைக்கிளின் பின் ஷாக் எடையைக் கூட்டுவதோடு, மூட்டுகளில் புஷ் தேய்ந்து ஆட்டத்தையும் கொடுக்கும். சீட்டை இரு கைகளாலும் மேலும் கீழும் அசைத்தால் ‘டக் டக்’ என்று கேட்பது அதுதான்.

கேள்வி: பழைய சைக்கிள் எந்த ஆண்டு செய்யப்பட்டது என்பதைக் கண்டறிய வழியுண்டா?

பதில்: ஜப்பானிய நிறுவனமான ஷிமானோவின் கியர், பிரேக் போன்ற பாகங்கள் இருந்தால் ஓரளவு உண்டு. கிராங்கின் (பெடலைத் தாங்கும் கையின்) பின்புறம் போன்ற மறைவான இடங்களில் இரண்டு ஆங்கில எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் எழுத்து ஆண்டு: 1976க்கு ‘ஏ’, 1977க்கு ‘பி’ என்று தொடங்கி 2001க்கு ‘இசட்’ வரை செல்லும், 2002 முதல் மறுபடியும் ‘ஏ’. இரண்டாவது எழுத்து மாதம்: ஜனவரிக்கு ‘ஏ’, டிசம்பருக்கு ‘எல்’. எனவே ‘பி’க்கு அடுத்து ‘எஃப்’ வந்தால், எழுத்து ‘B’யா ‘P’யா என்று தமிழ் உச்சரிப்பில் குழப்பிக்கொள்ளாமல், வரிசையில் எத்தனையாவது என்று எண்ணுங்கள்: பதினாறாவது எழுத்தென்றால் 1991 ஜூன். இது பாகத்தின் வயதே தவிர சைக்கிளின் வயதன்று. இடையில் யாராவது மாற்றியிருக்கலாம். மூன்று நான்கு பாகங்கள் ஒரே காலத்தைக் காட்டினால் நம்பலாம். அவை ஷிமானோவின் டியோர் எக்ஸ்டி போன்ற உயர்ந்த வரிசையாக இருந்தால் சைக்கிளும் தொடக்கத்தில் நல்ல விலைக்கு விற்றதாகவே இருக்கும்.

கேள்வி: 26 அங்குலச் சக்கரத்துக்கு இனி டயர் கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். டயரின் பக்கவாட்டில் 559 என்ற எண் இருக்க வேண்டும். பிற்காலத்தில் வந்த 27.5 அங்குலத்துக்கு 584, 29 அங்குலத்துக்கு 622. இவை உங்கள் ரிம்முக்குப் பொருந்தாது.

கேள்வி: அலுமினிய ஃபிரேமில் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல் தெரிகிறது. வெல்டிங் வைத்துச் சமாளிக்கலாமா?

பதில்: கூடாது. ஃபிரேமுக்குப் பயன்படும் அலுமினியக் கலவைகளில் பல, வெப்பப் பதப்படுத்தலால் வலுப்பெற்றவை. வெல்டிங்கின் சூட்டில் அந்த வலு போய்விடும் என்பதால், மறுபடி பதப்படுத்தாமல் ஓட்டினால் ஒட்டுக்குப் பக்கத்திலேயே அடுத்த விரிசல் விடும். இருக்கும் நல்ல சக்கரங்களுக்கும் கியர்களுக்கும் மட்டும் விலை பேசுங்கள். ஃபிரேமைப் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போட்டுவிடுங்கள்.