சின்ன சிகாரும் தேயிலை நாக்கும்: கேள்வி பதில்

சிறிய சிகாரைச் சுவைத்து மதிப்பிடுவது பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்று எழுதியிருந்தேன். நினைத்ததைவிட அதிகமான கேள்விகள் வந்துவிட்டன. தலவாக்கலைப் பக்கத்தில் முப்பது வருடங்களுக்கு மேல் டீமேக்கராக, அதாவது தேயிலைத் தொழிற்சாலையில் தூள் தயாரிப்பைப் பார்ப்பவனாக, இருந்தவன் நான். காலைதோறும் கோப்பைகளை வரிசையாக வைத்து உறிஞ்சித் துப்பிப் பழகிய நாக்குதான் என் தகுதி. சிகார் பின்னால் வந்த பழக்கம், மாதத்துக்கு ஒன்று அல்லது இரண்டு. புகைக்காதவர்களைப் புகைக்கச் சொல்வது என் நோக்கமல்ல. கையில் இருப்பதை எப்படி மதிப்பிடுவது என்று கேட்பவர்களுக்கே இந்தப் பதில்கள். கேட்டவர்களை அவர்கள் ஊர்ப் பெயரால் குறித்திருக்கிறேன்.

ஹட்டன்: ஐயா, கனடாவிலிருந்து வந்த அத்தான் சிறிய சிகார் பத்து உள்ள பெட்டி ஒன்று தந்தார். நிக்கரகுவாவில் செய்தது. நான்கு அங்குல நீளம், 40 ரிங். குறைந்த எண்ணிக்கையில் செய்த சிறப்புப் பதிப்பு என்று இரண்டாவது காகிதப் பட்டி ஒன்றும் சுற்றியிருக்கிறது. தரமானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் அந்த இரண்டாவது பட்டியைக் கழற்றி மேசை இழுப்பறையில் போடுங்கள். தொழிற்சாலையில் நாங்கள் சுவைக்கும்போது கோப்பைக்கு இலக்கம்தான் இருக்கும், தோட்டத்தின் பெயர் இருக்காது. பெயர் தெரிந்துவிட்டால் நாக்கு பெயரைத்தான் சுவைக்கும்.

ரிங் என்பது விட்டத்தின் அளவு, அங்குலத்தில் 64 இல் ஒரு பங்கு. ஆகவே 40 ரிங் கிட்டத்தட்ட 16 மில்லிமீற்றர். கியூபாவின் கோஹிபா சிக்லோ 1 இதே அளவுதான்: 102 மில்லிமீற்றர், 40 ரிங். சின்னது என்பதற்காக இதை இலேசாக எண்ணிவிடாதீர்கள். இந்த அளவில் ஒரு சிகாரை ஒழுங்காகச் சுற்றுவது கடினம். சிகாருக்குள் மூன்று அடுக்கு உண்டு: நடுவில் உள் இலைகள், அவற்றைப் பிடித்து வைக்கும் கட்டு இலை, வெளியே அழகான மேலிலை. உள் இலையிலும் மூன்று வகை. செடியின் அடிப்பகுதி இலை நன்றாக எரியும். நடுப்பகுதி இலை மணம் தரும். உச்சி இலை வெயிலை அதிகம் வாங்குவதால் தடித்துக் காரமாக இருக்கும், மெதுவாக எரியும். பெரிய சிகாரில் இவற்றைக் கலந்து அடுக்க இடம் இருக்கிறது. 40 ரிங்கில் அரை இலை கூடினாலே இழுவை அடைத்துவிடும், அரை இலை குறைந்தால் புகை சூடாகி நாக்கைச் சுடும். சிகார் மெலிய மெலிய மேலிலையின் பங்கும் கூடுகிறது. மேலிலை நன்றாக இல்லாவிட்டால் உள்ளே என்ன இருந்தும் அது தப்பாது.

பிரயாணம் செய்து வந்த சிகாரை உடனே பற்றவைக்க வேண்டாம். மூடிய பெட்டியில், 65 சதவீத ஈரப்பதத்தில், இரண்டு வாரமாவது கிடக்கட்டும். பிறகு ஒன்றை எடுத்து அடியிலிருந்து தலைவரை விரல் நுனியால் மெல்ல அழுத்திக்கொண்டே போங்கள். மெத்தென்ற இடம் இலை குறைந்த இடம், கல்லாக இருக்கும் இடம் அடைபட்ட இடம். தலையை, அதாவது வாயில் வைக்கும் முனையை, மிகக் கொஞ்சமாக வெட்டுங்கள். பற்றவைக்காமலே இழுத்துப் பாருங்கள். வைக்கோல், உலர்ந்த திராட்சை, கொக்கோ, மிளகு என்று எதுவும் வரலாம். அமோனியா வாடை மூக்கில் ஏறினால் இலை இன்னும் பக்குவப்படவில்லை. பெட்டியை மூடி மூன்று மாதம் மறந்துவிடுங்கள்.

தேயிலைக்காரர்களுக்கு இதைச் சுலபமாக விளக்கலாம். நாம் புளிக்கவைத்தல் என்று சொல்வது உண்மையில் ஆக்சிஜனேற்றம். அரைத்த கொழுந்து சில மணி நேரத்தில் நிறம் மாறிவிடும், சூளையில் போட்டு நிறுத்திவிடுவோம். புகையிலையை ஆளுயரக் குவியலாக அடுக்குகிறார்கள். குவியல் தானாகவே சூடேறும், பிரித்து மாற்றி அடுக்குவார்கள். வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் இது நடக்கும். அமோனியா வெளியேறுவது அப்போதுதான். அவசரப்பட்ட குவியல் உங்கள் வாயில் தெரிந்துவிடும்.

பற்றவைக்கும்போது தீ இலையைத் தொடக்கூடாது, சற்றுத் தள்ளிப் பிடித்து அடிமுனையைச் சுற்றிக் காட்டுங்கள். நிமிடத்துக்கு ஒரு இழுப்பு போதும். சின்ன சிகாரை மதிப்பிடத் தெரியாமல் போவதற்கு முதல் காரணம் அவசரம். அடிக்கடி இழுத்தால் சூடேறி எல்லாச் சிகாரும் ஒரே கசப்பாகிவிடும். நெஞ்சுக்குள் இழுக்காதீர்கள், வாயில் வைத்து வெளியே விடுங்கள். சிகாரை நீளத்தில் மூன்று பகுதியாக எண்ணிக்கொண்டு, ஒவ்வொரு பகுதியிலும் ஒரு தடவை மட்டும், மிகக் கொஞ்சப் புகையை மூக்கு வழியே விட்டுப் பாருங்கள். மணத்தின் பெரும்பகுதி அங்கேதான் தெரியும்.

மூன்று பகுதிகளாகக் குறிப்பு எழுதுங்கள். கடைசிப் பகுதிதான் தீர்ப்பு. முதல் அங்குலத்தில் எல்லாச் சிகாரும் நல்ல பிள்ளைதான். கடைசி அங்குலத்திலும் இனிப்பு தங்கியிருக்கிறதா, தாரும் காரமும் மட்டுமா என்று பாருங்கள். எரிகோடு ஒரு பக்கமாக ஓடுகிறதா, சாம்பல் உதிர்கிறதா என்றும் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றை வைத்து முடிவு சொல்லாதீர்கள். இரண்டு வார இடைவெளியில் மூன்று, நாளின் ஒரே நேரத்தில், ஒரே சாப்பாட்டுக்குப் பிறகு. மூன்றும் ஒன்று போல இருந்தால் சுற்றியவர் கை தேர்ந்த கை. இரண்டு நன்றாக இருந்து ஒன்று அடைத்துக்கொண்டால் அதையும் எழுதுங்கள். பத்தே சிகார் உள்ள பெட்டியில் அது பெரிய குறை.

கண்டி: இரண்டாவது பட்டி என்றால் கியூபாவில் அதற்கு ஏதோ விதி உண்டாமே?

உண்டு. கியூபாவின் ஆண்டுதோறும் வரும் எடிசியோன் லிமிட்டாடா (வரையறுத்த பதிப்பு) வரிசை 2000 இல் தொடங்கியது. மேலிலையைக் குறைந்தது இரண்டு வருடம் பக்குவப்பட வைத்திருக்க வேண்டும் என்பது அதன் விதி. 2007 முதல் உள் இலை, கட்டு இலை எல்லாவற்றுக்கும் அதே விதி. கறுப்பும் பொன்னிறமுமான பட்டியில் ஆண்டு அச்சாகியிருக்கும். மற்ற நாடுகளில் அந்தச் சொல்லுக்குப் பொதுவான விதி இல்லை, செய்தவரின் வாக்குத்தான். எத்தனை பெட்டி, எந்த அறுவடை, எந்த மேலிலை என்று எழுதியிருந்தால் நம்பலாம். வெறும் பொன்னெழுத்து மட்டும் இருந்தால் நாக்கையே நம்புங்கள்.

நுவரெலியா: பெட்டியில் வைத்த சிகாரில் வெள்ளைப் பூச்சு. நல்ல அறிகுறி என்கிறார் நண்பர்.

உங்கள் ஊர் 1,868 மீற்றர் உயரத்தில், மழையும் மூடுபனியுமாக இருக்கிறது. வெள்ளைப் பூச்சைப் பூஞ்சணம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இலையின் எண்ணெய் பளிங்காகிப் பூக்கிறது என்ற கதையை நானும் நம்பியிருந்தேன். ஒரு ஜூன் மாதம் முழுப் பெட்டியையும் அந்த நம்பிக்கைக்குக் கொடுத்தேன். நாங்கள் ஈரத்தைக் கூட்ட வேண்டியவர்கள் அல்ல, கட்டுப்படுத்த வேண்டியவர்கள். பெட்டிக்குள் தண்ணீர் ஊற்றும் பஞ்சு இந்த மலைக்கு வேண்டாம். இரு பக்கமும் வேலை செய்யும் 65 சதவீத ஈரப்பத உறை போதும், ஈரம் கூடினால் அது உறிஞ்சிக்கொள்ளும். ஈரமானியைச் சோதிக்க ஒரு மூடியில் உப்பைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, இரண்டையும் காற்றுப் புகாத டப்பாவில் ஒரு நாள் வையுங்கள். 75 காட்டினால் சரி. குளிரில் ஒரு நன்மையும் உண்டு: புகையிலை வண்டு சூட்டில்தான் பெருகும். கொழும்பில் இருப்பவர்கள் அதற்குப் பயப்பட வேண்டும், நீங்கள் பூஞ்சணத்துக்கு.

கம்பளை: சிகாரைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாமா?

வேண்டாம். உலர்ந்துவிடும், மீன் வாடையும் ஏறும்.

மாத்தளை: யாழ்ப்பாணச் சுருட்டும் இதுவும் ஒன்றுதானே? எதற்கு இவ்வளவு விலை?

ஒன்றல்ல, அதற்காக ஒன்று உயர்த்தி மற்றது தாழ்த்தியும் அல்ல. யாழ்ப்பாணத்தில் இலையைப் புகையில் பதப்படுத்தி, பாணி (பாகு) சேர்த்து, தனக்கென்று ஒரு காரத்தோடு செய்கிறார்கள். என் தாத்தா லயத்து வாசலில் உட்கார்ந்து புகைத்தது அதுதான், அந்த வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. நிக்கரகுவாவின் எஸ்தெலி, ஹலாப்பா பகுதிகளில் புகை போடுவதில்லை, கொட்டகையில் காற்றில் உலர்த்திக் குவித்துப் புளிக்கவைக்கிறார்கள். சுருட்டைச் சிகாரின் அளவுகோலால் அளந்தால் இரண்டுக்கும் அநியாயம்.

நாவலப்பிட்டி: நெஞ்சுக்குள் இழுக்காவிட்டால் தீங்கு இல்லை என்று சொல்கிறார்களே?

தவறு. வாயில் வைத்திருந்தாலே வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய் வரும் ஆபத்து உண்டு. எச்சிலோடு நிக்கோட்டின் உடம்பில் சேரும். நெஞ்சுக்குள் இழுக்காதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது அதைவிடப் பெரிய கேட்டைத் தவிர்க்கத்தான். மாதம் ஒன்றிரண்டு என்பதைத் தாண்டினால் சுவை பார்ப்பவர் அல்ல, பழக்கத்துக்கு ஆட்பட்டவர். வீட்டுக்குள் பிள்ளைகள் இருந்தால் பற்றவைக்கவே வேண்டாம்.

ஹப்புகஸ்தென்ன: எனக்கு 19 வயது. முதல் சிகார் எது வாங்கலாம்?

எதுவும் வேண்டாம், தம்பி. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலை விற்கக்கூடாது. 21 ஆன பிறகும் என் பதில் இதுவே.

பண்டாரவளை: சிகாரோடு என்ன குடிப்பது? எல்லோரும் விஸ்கி என்கிறார்கள்.

நான் பாலும் சீனியும் போடாத பிளேன்டீயைத்தான் வைத்துக்கொள்வேன். மதுசாரம் நாக்கை மரக்கச் செய்துவிடும், மதிப்பிட முடியாது. தேநீரின் துவர்ப்பு புகையின் எண்ணெயைக் கழுவிவிட்டு அடுத்த இழுப்புக்கு நாக்கைத் தயாராக்கும். எங்கள் தலவாக்கலைப் பக்கமான திம்புள்ளயின் ஜனவரி முதல் மார்ச் வரையான பருவத் தேயிலை மிகவும் பொருத்தம். உங்கள் பண்டாரவளை, பதுளைப் பக்கமான ஊவாவின் ஜூலை, ஆகஸ்ட் பருவத் தேயிலையைத் தவிர்க்கவும்.

பதுளை: ஊவாவைத் தவிர்க்கவா? உலகமே விலை கொடுத்து வாங்கும் தேயிலை. திம்புள்ளக்காரர் வேறு எப்படிச் சொல்வார்!

ஊவாவைக் குறை சொல்லவில்லை. கச்சான் என்ற வறண்ட காற்று வீசும் காலத்தில் உங்கள் கொழுந்தில் மெதைல் சாலிசிலேட் என்ற பொருள் கூடும். தைலம் போன்ற அந்தக் குளிர்ச்சி அதிலிருந்துதான் வருகிறது. அந்தக் கோப்பைக்காகத்தான் விலை. ஆனால் சிகாரின் மென்மையான மணங்களை அது மூடிவிடுகிறது. தேநீரைச் சுவைக்க உட்கார்ந்தால் ஊவா, சிகாரைச் சுவைக்க உட்கார்ந்தால் திம்புள்ள.

அப்புத்தளை: வருடம் முழுவதும் வரும் தேயிலையை இரண்டு மாதத்தால் மதிப்பிடுகிறீர்கள். பருவம் தவறிய ஊவாவைக் குடித்துப் பார்த்தீர்களா?

இல்லை. இது சரியான கேள்வி.

நானுஓயா: ஐயா சொல்வதே சரி. எங்கள் நுவரெலியாத் தேயிலை இன்னும் மெல்லியது, சிகாருக்கு அதுதான்.

மெல்லியது என்பதாலேயே தோற்றுவிடும். இரண்டாவது பகுதியில் உங்கள் கோப்பை வெந்நீர் போல இருக்கும். மெல்லிய மேலிலை உள்ள சிகாரின் முதல் பகுதிக்கு மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

இந்தத் தேயிலைச் சண்டையில் இன்னும் பன்னிரண்டு கேள்விகள் வந்திருக்கின்றன, பாதி பேர் தங்கள் தோட்டத்தின் பெயரைச் சொல்லித்தான் தொடங்குகிறார்கள். எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதில். நேற்று மாலை ஒரே பெட்டியிலிருந்து ஒரு சிகாரை எடுத்து மூன்று கோப்பைகளோடு உட்கார்ந்தேன். கோப்பைக்கு 2 கிராம் தூள், 100 மில்லிலீற்றர் கொதிநீர், 6 நிமிடம், மூன்றுக்கும் ஒரே அளவு. என் மருமகள் கோப்பைகளை இடம் மாற்றி வைத்தாள். ஆகஸ்ட் ஊவாவை முதல் மடக்கிலேயே கண்டுபிடித்தேன், அதற்குப் பிறகு ஐந்து நிமிடம் சிகாரில் கொக்கோ தெரியவில்லை. மார்ச் திம்புள்ளயும் நவம்பர் ஊவாவும் எதுவென்று பிரிக்க முடியவில்லை. இரண்டுமே சிகாரோடு நன்றாகப் போயின. ஆகவே அப்புத்தளை நண்பர் சொன்னது சரி. ஊவா என்று பொதுவாகச் சொன்னது என் தவறு, பருவத்து ஊவா என்று திருத்திக்கொள்கிறேன்.

வெலிமடை: பால் தேநீர்?

பாலின் புரதம் துவர்ப்பைப் பிடித்துக்கொள்ளும். நாக்கைக் கழுவும் வேலை நடக்காது.

கினிகத்தேனை, பூண்டுலோயா, மஸ்கெலியா, ராகலை: குளிர்சாதனப் பெட்டியில்...

வேண்டாம். மேலே கம்பளைக்குச் சொன்னதைப் பாருங்கள்.

தெனியாய: பெற்றோல் லைட்டரால் பற்றவைக்கலாமா?

கூடாது. முதல் பகுதி முழுக்கப் பெற்றோல்தான் மணக்கும். நீளமான தீக்குச்சி, மருந்து எரிந்து முடிந்த பிறகு.

லிந்துலை: நூற்றுக்கு எத்தனை புள்ளி கொடுப்பீர்கள்?

புள்ளி கொடுப்பதில்லை. ஏலத்துக்குப் போகும் தேயிலைக்குத் தரகர் எழுதுவது நிறம், துவர்ப்பு, மணம் பற்றிய சொற்களைத்தான். 91க்கும் 92க்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று எனக்கு எவரும் காட்டியதில்லை.

பதுளை: அடுத்த தடவை கறுப்பு மேலிலைச் சிகாரோடு ஆகஸ்ட் ஊவாவைப் பாருங்கள், ஐயா. நான் தேயிலை அனுப்புகிறேன்.

அனுப்புங்கள். நீண்ட காலம் புளிக்கவைத்த கறுப்பு மேலிலைக்கு இனிப்பும் கனமும் உண்டு, உங்கள் ஆகஸ்ட் கோப்பைக்கு அது ஈடுகொடுக்கக்கூடும். தூளைச் சிகாரோடு ஒரே பொதியில் மட்டும் வைக்காதீர்கள். தேயிலை எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும்.