திராட்சைக் கொடியிலிருந்து கணக்கேட்டுக்கு: ஒரு லத்தீன் வினை

கேள்வி: லத்தீன் அகராதியில் 'புத்தாரே' என்ற வினைக்குக் 'கிளைகளைக் கவாத்து செய்தல்' என்று ஒரு பொருளும் 'எண்ணுதல், கருதுதல்' என்று இன்னொரு பொருளும் தரப்பட்டுள்ளன. இவை ஒலி ஒத்த இரு சொற்களா, அல்லது ஒரே சொல்லின் நேர்ப்பொருளும் வழிப்பொருளுமா?

பதில்: ஒரே சொல்தான். கவாத்துக்கும் கருத்துக்கும் நடுவே 'கணக்குத் தீர்த்தல்' என்று மூன்றாவது பொருள் ஒன்று இருக்கிறது. சிறிய அகராதிகள் அதற்கு உரிய இடம் கொடுப்பதில்லை என்பதால் இரு முனைகளும் தொடர்பற்றவையாகத் தோன்றுகின்றன.

முதலில் நேர்ப்பொருள். ரோமானியர் கவாத்தை எவ்வளவு நுட்பமான தொழிலாகக் கருதினர் என்பதற்கு, கி.பி. முதல் நூற்றாண்டில் வேளாண்மை பற்றி எழுதிய கொலுமெல்லா தரும் கத்தி வருணனை ஒன்றே போதும். திராட்சைக் கொடிக்கான வளைந்த கத்தியில் ஆறு பாகங்களை அவர் பெயர் சொல்லிப் பிரிக்கிறார்: பிடியை ஒட்டிய நேரான வெட்டுவாய், அதையடுத்த வளைவு, வளைவிலிருந்து இறங்கும் சீவுவாய், கொக்கிபோல் மடிந்த அலகு, அதன் மேலே பிறைவடிவக் கோடரி, முன்னே நீளும் கூர்முனை. ஒவ்வொன்றுக்கும் தனி வேலை உண்டு. ரோமானியக் கவிஞர் வெர்ஜிலும் தம் வேளாண் காவியமான 'கியார்கிக்ஸ்' இரண்டாம் பகுதியில், உழவன் கொடியைக் கத்தரித்து, கவாத்தினாலேயே அதற்கு உருக்கொடுக்கிறான் என்று பாடுகிறார். வேண்டாததை நீக்கி வேண்டியதற்கு வடிவம் தருவதே இந்த வினையின் உயிர். வெறும் வெட்டு என்று கொண்டால் பின்னால் வரும் பொருள்கள் எவையும் விளங்கா.

அடுத்தது கணக்கு. 'ரத்தியோனெம் புத்தாரே' என்றால் கணக்கைச் சரிபார்த்துத் தீர்ப்பது. வரவையும் செலவையும் ஒன்றுக்கொன்று கழித்து, நிகரமாக நிற்கும் தொகையை வெளிக்கொணர்வது. ரோமானிய நகைச்சுவை நாடகாசிரியர் பிளாட்டஸின் 'அவுலுலாரியா' நாடகத்தில், பணக்கார மனைவியால் வரும் செலவுகளை மெகதோருஸ் என்ற பாத்திரம் அடுக்கிக்கொண்டே போகும் இடத்தில் இத்தொடர் வருகிறது. பணம் கிடைக்கும் என்று உணவுகூட உண்ணாமல் ஒரு படைவீரன் காத்துநிற்க, கணவன் வட்டிக்கடைக்காரரோடு கணக்குப் பார்க்கிறான். கணக்கு முழுவதும் தீர்ந்த பிறகு பார்த்தால், அவனே வட்டிக்கடைக்காரருக்குக் கடன்பட்டிருக்கிறான். ஆக, கிறிஸ்துவுக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த வழக்கு மேடையில் பேசும் அளவுக்குப் பழகிப்போயிருந்தது.

இந்தத் தொடர்பை ரோமானியரே உணர்ந்திருந்தனர் என்பது எனக்கு மிகவும் மகிழ்ச்சி தரும் செய்தி. கி.மு. 116 முதல் 27 வரை வாழ்ந்த ரோமானிய அறிஞர் வார்ரோ, 'புத்தாரே' என்பதன் பொருள் தூய்மையாக்குதல் என்கிறார். மரத்தைத் தூய்மையாக்குவதால் கவாத்துக்காரனுக்கு இவ்வினையிலிருந்து பெயர் வந்தது. கூட்டுத்தொகையைத் தூய்மையாகப் பிரித்தெடுப்பதால் கணக்குக்கு இவ்வினை வந்தது. சொற்களைக் குழப்பமின்றி ஒழுங்குபடுத்தும் பேச்சுக்கு 'திஸ்புத்தாரே' என்ற பெயர் வந்தது என்பது அவர் விளக்கம். இன்றைய மொழியியலாளரில் ஒரு சாரார் தூய்மையைவிட 'வெட்டு' என்பதையே வேராகக் கொள்கின்றனர். வேர் எதுவாயினும், வார்ரோ காட்டிய பொருள் வரிசை குலையவில்லை.

கணக்கிலிருந்து எண்ணத்துக்கு வருவது நமக்குப் புதிதல்ல, தமிழில் 'எண்ணுதல்' இரண்டுக்கும் பொது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 'புத்தோ' ('எண்ணுகிறேன்') என்று லத்தீனில் சொல்பவர் தாம் அறிந்ததைச் சொல்லவில்லை, கணித்ததைச் சொல்கிறார். கி.பி. 79-இல் நோய்வாய்ப்பட்ட பேரரசர் வெஸ்பாசியான், 'ஐயோ, நான் கடவுளாகிக்கொண்டிருக்கிறேன் போலும்' என்றதாக ரோமானிய வரலாற்றாசிரியர் சுவெத்தோனியுஸ் பதிந்துள்ளார். இறந்த பேரரசரைத் தெய்வமாக்கும் வழக்கத்தைக் குறித்த அப்பேச்சில் அந்தப் 'போலும்' என்பதைத் தருவது இவ்வினையே. இதன் ஏவல் வடிவமான 'புத்தா' ('வைத்துக்கொள்') நாளடைவில் 'எடுத்துக்காட்டாக' என்ற பொருளுக்கும் வந்துவிட்டது.

படிக்கும்போது வேறுபடுத்துவது கடினமன்று. செயப்படுபொருளாகக் கொடியோ மரமோ வந்தால் கவாத்து. கணக்கு வந்தால் தீர்த்தல். ஒரு முழுக் கூற்று தொடர்ந்தால் கருதுதல். இவை ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும் இடங்களும் உண்டு. வெர்ஜிலின் ஆயர் பாடல்களில் ('எக்லாக்ஸ்') இரண்டாவதில், கைகூடாத காதலில் உழலும் கொரிதோன், 'என்ன பித்து உன்னைப் பிடித்தது?' என்று தன்னையே கேட்டுக்கொண்டு, அடுத்த வரியிலேயே, இலையடர்ந்த எல்ம் மரத்தில் தன் கொடி பாதிக் கவாத்தோடு நிற்பதை நினைக்கிறான். 'பாதிக் கவாத்து' என்பதற்கு அங்கே வரும் லத்தீன் சொல்லும் இவ்வினையிலிருந்து வந்ததே; பாதியில் நின்ற எண்ணத்தையும் அது நினைவூட்டும். வெர்ஜில் இரு பொருளையும் கருதியே எழுதினார் என்று நிறுவ முடியாது. ஆயினும் இவ்வினையை அறிந்தவர் அவ்வரியை நின்று படிக்காமல் இருக்க மாட்டார்.

கேள்வி: அப்படியானால் 'கம்ப்யூட்டர்' என்ற சொல்லும் இதன் வழியில் வந்ததுதானா?

பதில்: ஆம். 'கொம்புத்தாரே' என்றால் சேர்த்துக் கணக்கிடுதல். ஆங்கிலத்தில் 1613-இலேயே காணப்படும் 'கம்ப்யூட்டர்' என்ற சொல், அப்போது கணக்கிடும் மனிதரைக் குறித்தது. எந்திரத்துக்கு அது வெகுகாலம் கழித்தே வந்தது. சுற்றிலும் வெட்டுவதான 'அம்புத்தாரே' மருத்துவத்துக்குப் போய், கைகால்களைத் துண்டிக்கும் அறுவைக்குப் பெயராயிற்று.

லத்தீனின் வழிமொழிகளில் நடந்தது இன்னும் வியப்பானது. வழிப்பொருளே நிலைத்து நேர்ப்பொருள் மறையும் என்று நாம் எதிர்பார்ப்போம், இங்கே நேர்மாறு. நினைத்தலுக்கு, எடைபோடுதல் என்ற பொருளுடைய 'பென்சாரே' வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டது. பிரெஞ்சு, ஸ்பானிய, இத்தாலிய மொழிகளில் இன்று வழங்குபவை அதன் வழிவந்த சொற்களே. பழைய வினையோ இத்தாலிய மொழியில் 'பொத்தாரே' என்றும் ஸ்பானிய மொழியில் 'பொதார்' என்றும் இன்றும் வழங்குகிறது, கவாத்து என்ற பொருளில்.