400 கிலோமீட்டர்தானே, ஏன் ஒன்றேகால் மணி நேரம்?

கேள்வி: இரண்டு சிறிய விமான நிலையங்களுக்கு நடுவே 400 கி.மீ. தூரம், பறக்க 48 நிமிடம் என்று தூரம் கணக்கிடும் ஆப் ஒன்று காட்டுகிறது. டிக்கெட்டில் 1 மணி 15 நிமிடம் என்று இருக்கிறது. எதை நம்புவது?

பதில்: டிக்கெட்டை நம்புங்கள். ஆப் போட்டது வெறும் வகுத்தல் கணக்கு, 400-ஐ மணிக்கு 500 கி.மீ. வேகத்தால் வகுத்தால் 48 நிமிடம் வரும், அவ்வளவுதான். அந்த 500 என்பது ஏடிஆர் 72 மாதிரியான டர்போப்ராப் (இறக்கையில் விசிறி சுழலும்) விமானம் மேலே ஏறி, ஒரே சீராகப் பறக்கும்போது கிடைக்கிற வேகம். ஏறும்போதும் இறங்கும்போதும் அது கிடைக்காது. தூரமும் அப்படித்தான். 400 கி.மீ. என்பது பூமியின் வளைவை ஒட்டிப் போகும் மிகக் குறுகிய கோடு, ஆனால் விமானம் பெரும்பாலும் காற்றுக்கு எதிராகத்தான் மேலெழும் என்பதால் கிழக்கே போக வேண்டியது மேற்கு நோக்கிக் கிளம்பி வளைந்து திரும்பும், இறங்குகிற இடத்திலும் ஓடுபாதைக்கு நேராக வர இன்னொரு சுற்று, நடுவில் ராணுவத்துக்கு ஒதுக்கிய வான்பகுதி இருந்தால் அதையும் சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

அப்புறம், டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் மட்டும் இல்லை. விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து அந்தப் பக்கம் போய் நிற்கிற வரைக்குமான நேரம் அது, 'பிளாக் டைம்' என்பார்கள். ஓடுபாதைக்கு உருண்டு போவது, வரிசையில் காத்திருப்பது எல்லாம் அதில் அடக்கம். தாமதம் என்ற பெயர் வரக்கூடாதே என்று நிறுவனங்கள் சில நிமிடங்களைத் தாராளமாகச் சேர்த்துக்கொள்வதும் உண்டு (சீக்கிரமே வந்துவிட்டோம் என்று பெருமையாக அறிவிக்கிறார்களே, பாதி ரகசியம் இதுதான்).

கேள்வி: அதே வழியில் ஜெட் போனால் பாதி நேரம்தானே ஆகும்?

பதில்: ஆகாது. மணிக்கு 830 கி.மீ. என்று வைத்தால் காகிதத்தில் 48 நிமிடம் 29 ஆகும், அதாவது 19 நிமிடம் மிச்சம், நிஜத்தில் மிச்சமாவது அதைவிடக் குறைவு. 10,000 அடிக்குக் கீழே 250 நாட், அதாவது மணிக்குச் சுமார் 460 கி.மீ.க்கு மேல் போகக்கூடாது என்பது பல நாடுகளில் விதி. இவ்வளவு குறுகிய தூரத்தில் ஜெட் முழு வேகத்தைப் பிடித்துச் சற்று நேரத்திலேயே இறங்கத் தொடங்க வேண்டியதுதான். குறுந்தூரத்துக்கு எரிபொருளைக் குறைவாகக் குடிக்கும் டர்போப்ராப்தான் சரி என்பேன்.

கேள்வி: போகும் நேரமும் திரும்பும் நேரமும் ஏன் வேறுபடுகின்றன?

பதில்: காற்று. மணிக்கு 50 கி.மீ. காற்று எதிரே வந்தால் உங்கள் 48 நிமிடம் 53 ஆகும், பின்னாலிருந்து தள்ளினால் 44.

கேள்வி: இதே தூரத்தை வேறொரு இடத்தில் 216 மைல் என்று போட்டிருக்கிறார்களே?

பதில்: அது கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ., பெருக்கிப் பாருங்கள், 400 வந்துவிடும். சாதாரண மைல் என்று நினைத்து 1.609-ஆல் பெருக்கினால் 50 கிலோமீட்டருக்கு மேல் குறையும்.