என்எஃப்எல் வரலாற்றின் தலைசிறந்த ரன்னிங் பேக் யார்? உங்கள் கேள்விகள், என் பதில்கள்

கேள்வி அனுப்பிய எல்லோருக்கும் நன்றி. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். என்எஃப்எல் என்பது அமெரிக்கக் கால்பந்து லீக். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஜிம் பிரவுன். அடுத்து வால்டர் பேட்டன், பிறகு பேரி சாண்டர்ஸ், நான்காவது எம்மிட் ஸ்மித். இதில் சண்டைக்கு வருவீர்கள் என்று தெரியும், வாருங்கள்.

புதிய ரசிகர்: அண்ணா, நான் சூப்பர் பவுல் (சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதி ஆட்டம்) மட்டும் பார்ப்பவன். ரன்னிங் பேக்கின் வேலை என்ன, எளிமையாகச் சொல்ல முடியுமா?

தாக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள், அதற்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு. குவாட்டர்பேக் பந்தை வீசலாம், இல்லை பின்னால் நிற்கும் ரன்னிங் பேக்கின் கையில் கொடுத்துவிடலாம். வாங்கியவர், முன்னால் இருக்கும் ஐந்து பேர் லைன் திறந்துவிடுகிற சந்தில் புகுந்து, எதிரணியின் பதினொரு பேரையும் மீறி ஓட வேண்டும். ஒரு ஓட்டத்துக்குச் சராசரி 4 யார்டு வந்தாலே உருப்படியான ஆட்டக்காரர், வருடக்கணக்கில் 5 யார்டு எடுப்பவர்கள் மிக அபூர்வம். ஓடுவதோடு வேலை முடிவதில்லை. குவாட்டர்பேக் பந்து வீசும் நேரத்தில் அவரை வீழ்த்தப் பாய்கிறவனைக் குறுக்கே நின்று தடுக்க வேண்டும், வீசிய பந்தைப் பிடிக்கவும் வேண்டும். ஒவ்வொரு ஆட்டத்திலும் இருபது தடவைக்கு மேல் 100 கிலோவைத் தாண்டிய ஆட்கள் மேலே வந்து விழுவார்கள். அதனால்தான் பலருடைய உடம்பு முப்பது வயதுக்குள் ஓய்ந்துவிடுகிறது.

டாலஸ்காரர்: எம்மிட் ஸ்மித் 18,355 யார்டு. வேறு யாரும் அந்தப் பக்கம்கூடப் போகவில்லை. மூன்று சூப்பர் பவுல் வேறு. அதற்கு மேல் என்ன விவாதம்?

18,355 மகத்தான எண்தான், ஆனால் அது எவ்வளவு காலம் ஆடினார் என்பதையும் சேர்த்து அளக்கிறது. எம்மிட் 15 சீசன், 226 ஆட்டம், 4,409 ஓட்டம். பிரவுன் 9 சீசன், 118 ஆட்டம், 2,359 ஓட்டம். அதாவது எம்மிட் கையில் 2,050 முறை அதிகமாகப் பந்து வந்திருக்கிறது. ஓட்டத்துக்குச் சராசரி பார்த்தால் எம்மிட் 4.2, பிரவுன் 5.2. ஒரு யார்டு வித்தியாசம்தானே என்று தோன்றும், ஆனால் நல்லவருக்கும் சாதாரணமானவருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியே பொதுவாக அரை யார்டுதான்.

அதற்காக எம்மிட்டைக் குறைத்துப் பேச மாட்டேன். 'அந்த லைனுக்குப் பின்னால் யார் ஓடினாலும் அத்தனை யார்டு வந்திருக்கும்' என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். 1993 சீசன் தொடக்கத்தில் சம்பளத் தகராறில் அவர் ஆடாமல் இருந்தார். அதே லைன், அதே குவாட்டர்பேக், ஆனால் டாலஸ் கவ்பாய்ஸ் அணி முதல் இரண்டு ஆட்டத்திலும் தோற்றது. அவர் திரும்பி வந்தார், கோப்பையையும் ஜெயித்தார்கள். அந்த சீசனின் கடைசி லீக் சுற்று ஆட்டம், 1994 ஜனவரி 2, நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு எதிராக. முதல் பாதியிலேயே தோள் மூட்டு விலகிவிட்டது. அப்படியே ஆடி 32 ஓட்டத்தில் 168 யார்டு, பிடித்த பந்து 10, அதில் இன்னொரு 61 யார்டு. கூடுதல் நேரத்தில் 16-13 என்று டாலஸ் ஜெயித்தது. இதையெல்லாம் லைன் செய்து தராது. என் பட்டியலில் அவர் நான்காவது, அது அவமானமான இடம் இல்லை.

கிளீவ்லேண்ட் வாசகி: பிரவுன்தான் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்களும் சொல்வார்கள். ஆனால் அந்தக் காலத்தில் எதிரில் ஆடியவர்கள் சின்ன உருவம், லீக்கும் சின்னது என்று என் மகன் மறுக்கிறான். அவனுக்கு என்ன சொல்ல?

முதலில் மகனிடம், கேள்வி சரியானது என்று சொல்லுங்கள். பிரவுன் 6 அடி 2 அங்குலம், 232 பவுண்டு. அன்றைக்கு லைன்பேக்கர்கள் (தடுப்பு வரிசைக்குப் பின்னால் நிற்பவர்கள்) பலர் அந்த எடைகூட இல்லை. இன்றைய தடுப்பாட்டக்காரர்கள் பெரியவர்கள், வேகமானவர்கள், வருடம் முழுக்கப் பயிற்சி செய்பவர்கள். 1960இன் ஆளைத் தூக்கி இன்றைய மைதானத்தில் வைத்தால் என்ன ஆகும் என்பதை யாராலும் நிரூபிக்க முடியாது.

அதனால் நான் வேறு கேள்வி கேட்கிறேன்: அதே வருடம், அதே விதி, அதே எதிரணிகளோடு ஆடிய மற்ற ரன்னிங் பேக்குகளை விட அவர் எவ்வளவு தூரம் முன்னால் இருந்தார்? 1958இல் பிரவுன் 1,527 யார்டு. இரண்டாவது இடத்தில் ஆலன் அமீச்சி, 791. 1963இல் பிரவுன் 1,863, இரண்டாவதாக வந்த ஜிம் டெய்லர் 1,018. கடைசி சீசனான 1965இல் பிரவுன் 1,544, அடுத்து கேல் சேயர்ஸ் 867. இந்த மூன்றையும் திரும்ப ஒருமுறை வாசியுங்கள். முதல் இடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் நடுவே பாதிக்குப் பாதி இடைவெளி, அதுவும் ஒரே ஒரு அதிசய வருடத்தில் நடந்தது இல்லை. எதிராளிகள் சின்னவர்கள் என்றால் டெய்லருக்கும் அமீச்சிக்கும் அவர்கள் சின்னவர்கள்தானே? கிரிக்கெட்டில் பிராட்மேனின் 99.94 பற்றி நாம் எப்படிப் பேசுகிறோமோ அந்த மாதிரிதான் இதுவும், அந்தக் காலத்தில் மற்றவர்களுக்கும் அதே பந்துவீச்சுதான், யாரும் 70ஐத் தொடவில்லை.

ஒன்பது சீசனில் எட்டில் லீக்கின் முதல் ஓட்டக்காரர் அவர். ஒரு ஆட்டத்தைக்கூடத் தவறவிட்டதில்லை. தொழில்வாழ்க்கை முழுவதற்கும் ஆட்டத்துக்குச் சராசரி 104.3 யார்டு, 100ஐத் தாண்டி முடித்த வேறு ஆளே கிடையாது. இதுவும் 12, 14 ஆட்டங்கள் கொண்ட சீசன்களில். இப்போது 17. ஒவ்வொரு முறை கீழே தள்ளப்பட்ட பிறகும் மெதுவாகத்தான் எழுந்திருப்பார், அடிபட்டதா இல்லையா என்று எதிரணிக்குத் தெரியக்கூடாது என்பதற்காக. 1964இல் கிளீவ்லேண்ட் கோப்பை ஜெயித்தது, இறுதி ஆட்டத்தில் 27-0, பிரவுன் 114 யார்டு. கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் அணி அதற்குப் பிறகு ஒரு முறைகூட சாம்பியன் ஆனதில்லை.

டாலஸ்காரர் (மறுபடியும்): 1958 பிளேஆஃபில் (லீக் சுற்று முடிந்ததும் நடக்கும் நாக்-அவுட் ஆட்டம்) ஜயன்ட்ஸிடம் வெறும் 8 யார்டு. அதைச் சொல்ல மறந்துவிட்டீர்களே?

சொல்லத்தான் வேண்டும். 1958 டிசம்பர் 21, பிரிவு வெற்றியாளரைத் தீர்மானிக்கும் ஆட்டம், ஏழு ஓட்டத்தில் 8 யார்டு, 10-0 என்று தோல்வி. ஜயன்ட்ஸின் தற்காப்பைப் பார்த்துக்கொண்டவர் டாம் லேண்ட்ரி, பின்னால் உங்கள் டாலஸுக்கே பெரிய பயிற்சியாளராக வந்தவர். லைன்பேக்கர் சாம் ஹஃபிடம் பிரவுன் போகிற பக்கமெல்லாம் போ என்று சொல்லி வைத்து அடைத்தார்கள். ஒரு ஆளை நிறுத்துவதற்காக முழுத் தற்காப்பையும் திட்டமிட வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மற்றபடி பிரவுனின் உண்மையான குறை இந்த ஆட்டம் இல்லை, மற்றவர்களுக்காகத் தடுக்கும் வேலையில் அவர் பெரிய அக்கறை காட்டவில்லை என்பதுதான்.

சிகாகோ கரடி: சார், அப்படியானால் தடுப்பது, பிடிப்பது, ஓடுவது எல்லாம் தெரிந்த பேட்டன்தானே முதலிடத்தில் இருக்க வேண்டும்?

என்னை ரொம்பத் தடுமாற வைக்கிற ஆள் பேட்டன்தான். முழுமையான ஆட்டக்காரர் யார் என்று கேட்டிருந்தால் யோசிக்காமல் அவர் பெயரைச் சொல்லியிருப்பேன். 16,726 யார்டு, 110 ஓட்ட டச்டவுன் (பந்தோடு எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டுவது), பிடித்த பந்து 492. அவரே பந்தை வீசி எட்டு டச்டவுன் கொடுத்திருக்கிறார். 13 சீசனில் ஒரே ஒரு ஆட்டம்தான் தவறியது, அதுவும் முதல் வருடத்தில். பிளிட்ஸில், அதாவது குவாட்டர்பேக்கை வீழ்த்தப் பாய்ந்து வரும் லைன்பேக்கரை அவர் மோதி நிறுத்துவதைப் பழைய பதிவுகளில் பார்த்தால், பந்தோடு ஓடும்போது இருக்கும் அதே கோபம் அதிலும் இருக்கும்.

1977 நவம்பர் 20, வைக்கிங்ஸுக்கு எதிராக 275 யார்டு, ஒரே ஆட்டத்துக்கான அன்றைய என்எஃப்எல் சாதனை. அந்த வாரம் முழுக்க அவருக்குக் காய்ச்சல். மைதானக் கோட்டுக்கு வெளியே போய்த் தப்பிப்பது அவருக்குப் பிடிக்காது, கடைசி நொடியில் திரும்பி, தன்னைத் தள்ள வந்தவனைத் தானே இடித்துவிட்டு விழுவார். சீசன் இல்லாத மாதங்களில் ஆர்லிங்டன் ஹைட்ஸில் ஒரு செங்குத்தான மேட்டில் ஏறி ஏறி ஓடுவார், கூட ஓட வந்த மற்ற வீரர்கள் பாதியிலேயே நின்றுவிடுவார்கள். இத்தனையையும் பல வருடம் தோற்றுக்கொண்டே இருந்த அணியில், வருடத்துக்கு வருடம் மாறிய குவாட்டர்பேக்குகளோடு செய்தார். கடைசியில் 1985 பேர்ஸ் அணி வந்தது, சூப்பர் பவுலை 46-10 என்று ஜெயித்தது. ஆனால் அந்த ஆட்டத்தில் பேட்டனுக்கு ஒரு டச்டவுன்கூட இல்லை. கோட்டுக்குப் பக்கத்தில் வந்தபோது பயிற்சியாளர் டிட்கா பந்தைத் தற்காப்பு வீரர் வில்லியம் பெர்ரிக்குக் கொடுத்தார். பின்னாளில் டிட்காவே அதற்கு வருத்தப்பட்டார். எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

பிறகு ஏன் இரண்டாவது? சக ஆட்டக்காரர்களை விட்டு விலகி நின்ற தூரம்தான். பேட்டன் லீக்கின் முதல் ஓட்டக்காரராக வந்தது ஒரே ஒரு வருடம், 1977. பிரவுன் எட்டு.

ஹைலைட் பிரியன்: பேரி சாண்டர்ஸ் ஓட்டங்களைப் பார்த்த பிறகு வேறு யாரையும் பார்க்க முடியவில்லை ப்ரோ!

புரிகிறது. 5 அடி 8 அங்குலம், ஆனால் மூன்று பேர் சுற்றி நின்றாலும் கையில் அகப்பட மாட்டார். 15,269 யார்டு, சராசரி 5.0, பத்து சீசனிலும் ஆயிரத்துக்கு மேல். 1997இல் முதல் இரண்டு ஆட்டம் சேர்த்து 53 யார்டுதான். அடுத்த 14 ஆட்டத்திலும், ஒன்று விடாமல், 100ஐத் தாண்டினார். மொத்தம் 2,053.

எதிர்வாதமும் இருக்கிறது. நேராக மூன்று யார்டு எடுக்க வேண்டிய இடத்திலும் பெரிய ஓட்டத்தைத் தேடிப் பின்னால் போய் யார்டை இழப்பார். 1994 பிளேஆஃபில் கிரீன் பே அவரை 13 ஓட்டத்தில் கழித்தல் 1 யார்டில் நிறுத்தியது. பிளேஆஃபில் ஆறு ஆட்டம், வெற்றி ஒன்றுதான். ஆனால் டெட்ராய்ட் லயன்ஸ் அவரைச் சுற்றி என்ன கட்டியது என்பதையும் பார்க்க வேண்டும். 1999 ஜூலையில், பேட்டனின் சாதனைக்கு 1,457 யார்டு மட்டுமே பாக்கி இருந்தபோது, சொந்த ஊர்ப் பத்திரிகைக்கு ஒரு ஃபேக்ஸ் அனுப்பி ஓய்வை அறிவித்துவிட்டார். டச்டவுன் போட்டுவிட்டுக் குதிக்காமல் பந்தை நடுவரிடம் கொடுத்துவிட்டு நடப்பாரே, அதே குணம்தான் என்று நினைக்கிறேன். அணி மேல் இருந்த சலிப்பும் காரணம், அதை அவரே பின்னால் சொன்னார்.

பெயர் வேண்டாம்: பிரவுனைப் புகழ்கிறீர்கள். அவர் பெண்களை நடத்திய விதம் தெரியுமா?

தெரியும். பெண்களைத் தாக்கியதாகப் பல குற்றச்சாட்டுகள் அவர்மேல் வந்தன. 1999இல் மனைவியின் காரை அடித்து உடைத்த வழக்கில் தண்டனை பெற்றார், நீதிமன்றம் சொன்ன ஆலோசனை வகுப்புக்குப் போக மறுத்துச் சிறைக்கும் போனார். 1967இல் முகமது அலிக்கு ஆதரவாகக் கறுப்பின வீரர்களைக் கிளீவ்லேண்டில் கூட்டியதும் இதே மனிதர்தான், ஆனால் அந்த நல்லது இந்தக் கெட்டதை அழிக்காது. நான் தரவரிசை போடுவது மைதானத்துக்குள் நடந்ததை வைத்து மட்டும். அவரை முன்மாதிரியாக யாருக்கும் காட்ட மாட்டேன். 1973இல் 14 ஆட்டத்தில் 2,003 யார்டு ஓடிய ஓ.ஜே. சிம்ப்சன் பற்றிக் கேட்டவர்களுக்கும் இதுவே பதில், ஆட்டத்தை மட்டும் பார்த்தால் முதல் பத்துக்குள் வருவார்.

பிலடெல்ஃபியா தம்பி: 2024இல் சாக்குவான் பார்க்லி 2,005 யார்டு. கடைசி ஆட்டத்தில் ஆடியிருந்தால் சாதனை உடைந்திருக்கும் இல்லையா?

உடைந்திருக்கலாம். எரிக் டிக்கர்சன் 1984இல் எடுத்த 2,105ஐத் தொட 100 யார்டு பாக்கி. அவருடைய பிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணிக்குப் பிளேஆஃப் இடம் முடிவாகிவிட்டதால் ஓய்வு கொடுத்தார்கள், அது சரியான முடிவு. பிளேஆஃபையும் சேர்த்து 2,504 யார்டு, டெரல் டேவிஸின் பழைய சாதனை போனது, சூப்பர் பவுலும் கிடைத்தது. ஆனால் தம்பி, ஒரு சீசன் என்றால் என் தேர்வு 2012இன் ஏட்ரியன் பீட்டர்சன். 2011 டிசம்பர் 24 அன்று முழங்காலில் ஏசிஎல் தசைநார் கிழிந்தது. ஒன்பது மாதம்கூட ஆகாமல் திரும்பி வந்து 2,097 யார்டு ஓடினார். டிக்கர்சனைத் தொட எட்டே யார்டு குறைவு. அவருக்குப் பிறகு எந்த ரன்னிங் பேக்கும் எம்விபி (சீசனின் சிறந்த ஆட்டக்காரர்) விருது வாங்கியதில்லை.

ஃபேன்டஸி பைத்தியம்: டாம்லின்சன், ஃபாக்?

லடேனியன் டாம்லின்சனின் 2006 மறக்கவே முடியாதது, ஒரே சீசனில் 31 டச்டவுன். மார்ஷல் ஃபாக் 1999இல் ஓடி ஆயிரம், பிடித்து ஆயிரம். இருவரும் என் முதல் பத்தில் இருக்கிறார்கள், முதல் நான்கில் இல்லை.

இன்னொருவர்: காயம் இல்லாமல் இருந்திருந்தால் யார்?

கேல் சேயர்ஸ். 1965இல் சேறாகக் கிடந்த மைதானத்தில் ஒரே ஆட்டத்தில் ஆறு டச்டவுன். முழங்கால்கள் விடவில்லை, 68 ஆட்டத்தோடு முடிந்தது. போ ஜாக்சன் 38 ஆட்டம்தான், சராசரி 5.4. இவர்களை வைத்துக் கனவு காணலாம், தரவரிசை போட முடியாது.

புதிய ரசிகர் (திரும்பவும்): ஒரே ஒரு பழைய ஆட்டம் பார்க்க நேரம் இருந்தால் எதைப் பார்ப்பது அண்ணா?

1997 அக்டோபர் 12, டெட்ராய்ட், டாம்பா பேயில். சாண்டர்ஸ் 215 யார்டு, அதில் 80 யார்டைத் தாண்டியோ தொட்டோ இரண்டு டச்டவுன். இரண்டுமே கையில் வாங்கி ஓடியவை. எதிரில் இருந்தது நல்ல தற்காப்பு அணி, வாரன் சாப், டெரிக் புரூக்ஸ் எல்லாம் ஆடிய அணி. அதைப் பார்த்துவிட்டு வாருங்கள், பிரவுனை ஏன் அவருக்கு மேலே வைத்தேன் என்று மறுபடி சண்டை போடலாம்.