ரெஸ்யூமேயில் டீம் லீடர் என்று போடலாமா?

கேள்வி: அன்புள்ள அம்மா, வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். கடைசி வரை என் டெசிக்னேஷன் 'சீனியர் எக்ஸிகியூட்டிவ்'தான். ஆனால் எங்கள் டீம் லீடர் வேலையை விட்டுப் போனபோது அவர் இடத்துக்கு யாரையும் போடவில்லை. 14 மாதம் நான்தான் எட்டுப் பேருக்கு ஷிஃப்ட் போட்டேன். புதிதாக வந்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்தேன். கோபமாகப் பேசும் வாடிக்கையாளர்களின் அழைப்பெல்லாம் என்னிடம்தான் வரும். பதவியும் தரவில்லை, சம்பளமும் கூட்டவில்லை. இப்போது வேறு இடங்களில் டீம் லீடர் வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். ஒரு இடத்திலிருந்தும் இன்டர்வியூவுக்குக் கூப்பிடவில்லை. "டீம் லீடர் என்றே போடு. எல்லாரும் அப்படித்தான் போடுகிறார்கள். செய்யாத வேலையையா சொல்லப்போகிறாய்?" என்கிறாள் தோழி. போடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: போடாதீர்கள். அதற்காக 'சீனியர் எக்ஸிகியூட்டிவ்' என்று ஒரு வரி எழுதிவிட்டு அந்த 14 மாதத்தை மறைத்தும் வைக்காதீர்கள். இப்போது நீங்கள் செய்துகொண்டிருப்பது அதுதான் என்று நினைக்கிறேன்.

உங்கள் தோழி சொல்வதில் உள்ள நியாயம் எனக்கு நன்றாகவே புரிகிறது. நானும் அதே நியாயத்தைச் சொல்லிக்கொண்டவள்தான். என் முதல் வேலையில் நான் கணக்கு உதவியாளர். இரண்டாவது வேலைக்கு விண்ணப்பித்தபோது அதைக் 'கணக்கு அதிகாரி' என்று மாற்றி எழுதினேன். அதிகாரி செய்ய வேண்டிய வேலையைத்தானே செய்தேன் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். வேலை கிடைத்தது. யாரும் கண்டுபிடிக்கவும் இல்லை.

நான்கு வருடம் கழித்து, மிகவும் ஆசைப்பட்ட ஒரு இடத்தில் கடைசிச் சுற்று வரை போனேன். முன்பு வேலை பார்த்த ஒவ்வொரு இடத்திலிருந்தும் ஒரு மேலதிகாரியின் பெயரும் எண்ணும் கேட்டார்கள். என் முதல் மேலதிகாரியைப் போல என்னைப் பற்றிச் சொல்ல வேறு ஆளே கிடையாது. ஒருமுறை வருடக் கடைசிக் கணக்கை நான் தனியாக உட்கார்ந்து முடித்ததை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த மனிதர் அவர். அவருடைய எண்ணை என்னால் கொடுக்க முடியவில்லை. "எங்களிடம் உதவியாளராக இருந்தாள், பிரமாதமாக வேலை செய்வாள்" என்று அவர் வாயாரப் பாராட்டும்போதே என் பொய் வெளியே வந்துவிடும். அதனால் என் வேலையை அதிகம் பார்த்திராத வேறொருவரின் பெயரைக் கொடுத்தேன். அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை. அதைவிட வருத்தம், அதற்குப் பிறகு என் முதல் மேலதிகாரியிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டேன். எனக்கு நல்லது மட்டுமே செய்த ஒரு மனிதரைப் பார்த்துப் பயப்படும்படி ஆகிவிட்டது.

மாட்டிக்கொண்டால் வேலை போகும் என்பது எல்லாருக்கும் தெரியும். மாட்டிக்கொள்ளாவிட்டாலும் ஒரு இழப்பு இருக்கிறது. உங்கள் உழைப்பைக் கண்ணால் பார்த்தவர்களை உங்களுக்காகப் பேச அழைக்க முடியாமல் போகும். உங்களிடம் அந்த எட்டுப் பேர் இருக்கிறார்கள், உங்களுக்கு மேலே இருந்த மேலாளர் இருக்கிறார். அவர்களை இழந்துவிடாதீர்கள்.

பிற்பாடு பல வருடம் ஆள் எடுக்கும் பக்கம் வேலை பார்த்தேன். அங்கே சரிபார்ப்பு எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். பழைய நிறுவனத்தின் எச்.ஆரிடம் கேட்பார்கள். சேர்ந்த தேதி, விலகிய தேதி, டெசிக்னேஷன், இவ்வளவுதான் பல இடங்களில் சொல்வார்கள். இதற்கு மேல் எதுவும் பேசக் கூடாது என்பதையே விதியாக வைத்திருக்கும் நிறுவனங்கள் நிறைய. அதாவது, நீங்கள் 14 மாதம் பாடுபட்டது அந்தப் பதிலில் வராது. நீங்கள் மாற்றி எழுதிய அந்த ஒன்று மட்டும் வரும். சரிபார்ப்பவர் கையில் இரண்டு கட்டம்: விண்ணப்பதாரர் சொன்னது, நிறுவனம் சொன்னது. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் குறித்துவைப்பார். அவருக்கு உங்கள் கதை தெரியாது. அதிலும் இந்தச் சோதனை பெரும்பாலும் ஆஃபர் லெட்டர் வந்த பிறகுதான் நடக்கும், சில சமயம் வேலையில் சேர்ந்த பிறகும் நடக்கும். அதற்குள் இருக்கிற வேலையை ராஜினாமா செய்திருப்போம்.

மாரிலீ ஜோன்ஸ் என்பவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கலாம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் 1979-இல் வேலைக்குச் சேர்ந்து, மாணவர் சேர்க்கைத் துறைக்கே தலைவராக உயர்ந்தவர். நல்ல பெயர் எடுத்தவர். சேரும்போது தன்னிடம் இல்லாத பட்டங்களை இருப்பதாக எழுதியிருந்தார். 28 வருடம் கழித்து, 2007-இல் அது வெளியே வந்து ராஜினாமா செய்தார். பதவி உயர்வுக்கு விண்ணப்பித்தபோதோ அதற்குப் பிறகோ அதைத் திருத்தும் தைரியம் தனக்கு வரவில்லை என்று அவரே அறிக்கை கொடுத்தார். அவருடையது பட்டம், உங்களுடையது பதவி. ஆனாலும் அவர் சொன்னதைப் படித்தபோது என்னால் அதைக் கடந்து போக முடியவில்லை. ஒருமுறை எழுதிவிட்டால் அடுத்த ஒவ்வொரு விண்ணப்பத்திலும் அதையே மறுபடி எழுதியாக வேண்டும்.

சரி, என்ன எழுதலாம்? பதவிப் பெயரை அப்படியே விடுங்கள். அதற்கு அடுத்த வரியிலேயே இப்படிப் போடுங்கள்: 'கடைசி 14 மாதம் டீம் லீடர் பணியிடம் காலியாக இருந்ததால், எட்டுப் பேர் கொண்ட குழுவின் அன்றாடப் பொறுப்பைக் கூடுதலாகக் கவனித்தேன்.' அதற்குக் கீழே ஷிஃப்ட் போட்டது, பயிற்சி கொடுத்தது, சிக்கலான அழைப்புகளைக் கையாண்டது. எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தீர்கள் என்று எண்ணிப் பார்த்து அந்த எண்ணையும் எழுதுங்கள். ரெஸ்யூமேயின் தலைப்பகுதியில் வரும் சுருக்கத்திலும் 'டீம் லீடர் பொறுப்பு வகித்த அனுபவம்' என்று சொல்லலாம், அது உண்மைதானே. பல நிறுவனங்களில் விண்ணப்பங்களை மென்பொருளில் போட்டு, வேண்டிய சொல்லைக் கொடுத்துத்தான் தேடுகிறார்கள். 'டீம் லீடர்' என்ற சொல் உங்கள் ரெஸ்யூமேயில் எங்குமே இல்லாததால்கூட உங்களைக் கூப்பிடாமல் இருந்திருக்கலாம். லிங்க்ட்இன்னிலும் இதே வரிகள் இருக்கட்டும்.

ஆள் எடுக்கிறவர்கள் பதவிப் பெயரை மட்டும் பார்த்து மயங்கிவிடுவதில்லை. முதலீட்டு வங்கிகளில் 'வைஸ் பிரசிடென்ட்' என்பது நடுத்தட்டுப் பதவி, வேறு இடத்தில் அதே பெயர் உச்சத்துக்குப் பக்கத்தில் இருக்கும். அதனால் இன்டர்வியூவில் நான் கேட்பது வேறு. உங்கள் குழுவில் லீவுக்குக் கையெழுத்துப் போட்டது யார்? அப்ரைசல் எழுதியது யார்? ஒருவர் தொடர்ந்து தாமதமாக வந்தால் என்ன செய்தீர்கள்? டீம் லீடர் என்று எழுதிவிட்டு "கையெழுத்து மேலாளர்தான் போடுவார்" என்று தடுமாறினால் சந்தேகம் வரும். பொறுப்பைக் கவனித்தேன் என்று எழுதியிருந்தால் அதே பதிலைத் தயங்காமல் சொல்லலாம். "லீவுக் கையெழுத்து மேலாளருடையது, யார் எப்போது போனால் வேலை கெடாது என்று முடிவு செய்தது நான்."

பதவி தராமல் 14 மாதம் வேலை வாங்கியது அநியாயம். உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அந்தக் கோபத்தோடு ரெஸ்யூமே எழுத உட்காராதீர்கள், அவ்வளவுதான். இந்த வாரமே உங்கள் பழைய மேலாளரைக் கூப்பிடுங்கள். நீங்கள் எழுதியிருக்கும் அந்த வரியை வாசித்துக் காட்டி, யாராவது கேட்டால் உறுதி செய்வீர்களா என்று கேளுங்கள். முடிந்தால் ஒரு சின்னக் கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் ஏற்கெனவே 'அசிஸ்டென்ட் மேனேஜர்' என்று கூட்டிப் போட்டுவிட்டேன். ஆஃபர் வந்துவிட்டது. இப்போது சரிபார்ப்புப் படிவம் அனுப்பியிருக்கிறார்கள். என்ன செய்வது?
- இன்னொரு வாசகர்

பதில்: பழைய நிறுவனம் உங்களை விடுவித்தபோது கொடுத்த ரிலீவிங் லெட்டரில் என்ன இருக்கிறதோ அதையே படிவத்தில் எழுதுங்கள். அதை அனுப்புவதற்கு முன் எச்.ஆருக்கு நீங்களே ஒரு மெயில் போடுங்கள்: 'ரெஸ்யூமேயில் என் பதவியைத் தவறாக எழுதியிருந்தேன், சரியான பதவி இது, வருந்துகிறேன்.' காரணங்களை அடுக்க வேண்டாம். ஆஃபரைத் திரும்பப் பெறலாம், அதை மறைக்க மாட்டேன். ஆனால் தானாக வந்து சொன்னவரை வைத்துக்கொண்ட இடங்களை நான் பார்த்திருக்கிறேன். சரிபார்ப்பில் பிடிபட்டவருக்கு அந்த வாய்ப்பு மிகவும் குறைவு. பதில் வரும் வரை இப்போதைய வேலையை ராஜினாமா செய்யாதீர்கள்.