ராக் பாடலை ஒரு சோல் பாடகர் பாடினால் ஏன் வேறு பாட்டு மாதிரி கேட்கிறது?

சோல் என்பது கறுப்பின அமெரிக்கர்களிடம் பிறந்த, உணர்ச்சி பொங்கும் பாட்டுப் பாணி. அந்தப் பாணியில் பாடும் அமெரிக்கப் பாடகி பெட்டி லவெட்டைக் கேளுங்கள், புரிந்துவிடும். 1946-இல் பிறந்தவர், முதல் இசைத்தட்டு 16 வயதில். பரவலான பெயர் கிடைத்தது என்னவோ அறுபதை நெருங்கும்போதுதான். 2008-இல், கலைஞர்களைக் கௌரவிக்கும் அமெரிக்காவின் கென்னடி சென்டர் விழாவில் தி ஹூ என்ற பிரிட்டிஷ் குழுவின் ராக் பாடல் ஒன்றைப் பாடினார். மூலத்தில் அந்தக் குழுவின் பாடகர் ரோஜர் டால்ட்ரி முழங்குவார். இவரோ அடக்கமாகத் தொடங்கி, கரகரத்த குரலில், வரிக்கு வரி மூச்சுவிட்டு, கெஞ்சுவது போல் பாடினார். மெட்டை அவர் அப்படியே பின்பற்றுவதில்லை. சொல்லின் பொருள் எங்கே இழுக்கிறதோ அங்கே போகிறார். சோல் பாணியின் வேர் தேவாலயப் பாட்டு, அங்கே இந்தச் சுதந்திரம் சகஜம். அப்புறம், அமெரிக்கப் பாடலாசிரியர் பாப் டிலனின் பாடல்களை லவெட் பாடி 2018-இல் வந்த ஆல்பத்தில் சில சொற்களையே தனக்கு ஏற்ப மாற்றிவிட்டார். டிலன் ரசிகனான எனக்கே அது உறுத்தவில்லை!